கடலோரத்தில் ஒரு ஸ்கேனர்: இராணுவ விமானப் பேச்சைக் கேட்கலாமா?

மாசிமகத்திற்கோ பள்ளி விடுமுறைக்கோ பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் லுமுட் படகுத்துறையில் காத்திருக்கும்போது, தலைக்கு மேல் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போவதைப் பார்த்திருப்பார்கள். "உள்ளே இருக்கிறவங்க என்னப்பா பேசிக்குவாங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே ஸ்கேனர் எனப்படும் சிறு வானொலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு. இன்று இணையக் கடைகளில் சில நூறு ரிங்கிட்டிற்கே இத்தகைய கருவிகள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன.

கருவி கிடைக்கிறது என்பதால் எதையும் கேட்கலாம் என்று ஆகிவிடாது. அது எப்படி வேலை செய்கிறது, நம் பேராக் கடலோரத்தில் என்ன பறக்கிறது, சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆர்வத்தில் வாங்கிவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஸ்கேனர் என்பது என்ன?

ஸ்கேனர் கேட்க மட்டுமே கூடிய வானொலி. அதில் பேச முடியாது. சாதாரண வானொலியில் நாம் ஒரு நிலையத்தைத் திருப்பி வைத்து அதையே கேட்கிறோம். விமான ஓட்டியோ சில விநாடி பேசிவிட்டு நிறுத்திவிடுவார். அடுத்த பேச்சு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஸ்கேனர் தனக்குள் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒன்றன் பின் ஒன்றாக வேகமாகச் சுற்றிப் பார்க்கும். எங்கே பேச்சு எழுகிறதோ அங்கே நின்று கேட்கவிடும். பேச்சு முடிந்ததும் மறுபடியும் சுற்றத் தொடங்கும். பேச்சு இல்லாத நேரத்தில் வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை அடக்குவதற்கு ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு இருக்கும்.

2012 வாக்கில் இந்தத் துறையில் ஒரு மாற்றம் வந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட, விரல் அளவே உள்ள ஒரு யுஎஸ்பி கருவி, சரியான மென்பொருள் இருந்தால் பரந்த அலைவரிசை வானொலியாகவும் வேலை செய்யும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். முன்பு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் செய்ததை இன்று ஒரு மாணவன் மடிக்கணினியில் செய்துவிடலாம். இதனாலேயே சட்டம் பற்றிய விவரம் இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள்?

பயணிகள் விமானங்கள் உலகெங்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசுகின்றன. இராணுவ விமானங்கள் இந்தப் பட்டையோடு, பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையையும் பயன்படுத்துகின்றன. அவசர அழைப்புக்கு இரண்டு பொது அலைவரிசைகள் உண்டு: பயணிகள் விமானங்களுக்கு 121.5, இராணுவத்திற்கு 243.0. இரண்டாவது முதலாவதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் அவசரத்திற்கு அழைக்கும் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது.

வானொலி நிலையங்கள் பாட்டுக்கு எஃப்.எம். முறையைப் பயன்படுத்தும்போது விமானங்கள் இன்னும் பழைய ஏ.எம். முறையிலேயே பேசுகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசியதே தெரியாமல் போகும். ஏ.எம். முறையில் இரண்டும் மோதி 'கீச்' என்று ஒலிக்கும். இன்னொருவரும் அழைக்கிறார் என்று கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிந்துவிடும். ஆபத்தில் இருக்கும் விமானத்தின் குரல் அடங்கிப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

தோட்டக் காவலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நம்மவர்கள் வாங்கும் மலிவான வாக்கி டாக்கிகளில் பெரும்பாலானவை எஃப்.எம். வகை. அவற்றில் விமானப் பேச்சு கேட்காது. அதோடு, அவை பேசவும் கூடிய கருவிகள். தெரியாமல் பொத்தானை அழுத்தினால் தவறான அலைவரிசையில் குறுக்கிட்டுவிடும் அபாயம் உண்டு.

ஈப்போவில் கேட்காதது கடலோரத்தில் ஏன் கேட்கிறது?

இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. மலையைத் துளைத்து வராது. பூமியின் வளைவைத் தாண்டியும் அதிகம் வராது. கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் ஈப்போவுக்குக் கிழக்கே பிரதான மலைத்தொடர், மேற்கே கிளேடாங் குன்றுகள், நடுவிலேயே சுண்ணாம்புக் குன்றுகள். தாழப் பறக்கும் விமானத்தின் அலை இவற்றில் அடிபட்டு நின்றுவிடும். தொலைத்தொடர்புக் கோபுரங்களைக் கிளேடாங் உச்சியில் நிறுத்தியிருப்பதும் இதனால்தான்.

தெலுக் பாத்திக் மணலில் நின்றால் மேற்கே மறைப்பு ஏதும் இல்லை. கணக்கு எளிது: விமானத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அதன் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். 300 மீட்டர் உயரத்தில் போகும் ஹெலிகாப்டர் என்றால் சுமார் 71 கி.மீ. 3,000 மீட்டர் என்றால் சுமார் 226 கி.மீ. 10,000 மீட்டரில் போகும் பெரிய விமானம் 400 கி.மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் விளக்குகிறது. விமானத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். தரையில் இருந்து அவருக்குப் பதில் சொல்பவர் பேசுவது கேட்காது. கட்டுப்பாட்டுக் கோபுரம் தாழ்வாக, அடிவானத்திற்குக் கீழே இருக்கிறது. ஆகவே கடற்கரையில் கேட்பவருக்குக் கிடைப்பது எப்போதும் பாதி உரையாடல்தான்.

அண்டெனாவின் நீளமும் முக்கியம். அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாகப் பிடிக்கும். 125 மெகாஹெர்ட்ஸுக்கு 60 சென்டிமீட்டர், 300 மெகாஹெர்ட்ஸுக்கு 25 சென்டிமீட்டர்.

நம் வானத்தில் யார் பறக்கிறார்கள்?

பேராக் கடலோரத்திற்கு இரண்டு அண்டை வீட்டார். ஒன்று லுமுட்டில் உள்ள அரச மலேசியக் கடற்படைத் தளம். சூப்பர் லிங்ஸ், ஃபெனெக், ஏடபிள்யூ139 வகை ஹெலிகாப்டர்களைக் கடற்படை வைத்திருக்கிறது.

இன்னொன்று வடக்கே, கோல குராவிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்தில் உள்ள பட்டர்வொர்த் விமானத் தளம். பிரிட்டிஷார் 1941இல் திறந்த இத்தளத்தை அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் தாக்கினார்கள். டிசம்பர் 9ஆம் தேதி, தளம் குண்டுவீச்சுக்கு இலக்கான வேளையில், ஒரே ஒரு பிளென்ஹைம் விமானத்தை மேலெழுப்பித் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கச் சென்ற ஆர்தர் ஸ்கார்ஃப், படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கிவிட்டு உயிர்விட்டார். 1946இல் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவருடைய கல்லறை நம் தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறது. அதே மாதம் ஈப்போ விமானத் திடலிலிருந்து ஆஸ்திரேலியாவின் 453ஆம் பிரிவு பஃபலோ போர் விமானங்களைப் பறக்கவிட்டது.

1958 முதல் ஆஸ்திரேலிய சேபர் விமானங்களும், பிறகு 1988 வரை மிராஜ் விமானங்களும் பட்டர்வொர்த்திலிருந்து பறந்தன. வட பேராக்கில் அந்தக் காலத்தில் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்கள் அந்த இரைச்சலை மறந்திருக்க மாட்டார்கள். கெடா கடலில் உள்ள சொங் சொங் தீவு அந்த விமானங்களின் குண்டுவீச்சுப் பயிற்சி இடமாக இருந்தது. தளம் 1988இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டாலும், மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகள் 1971இல் செய்துகொண்ட தற்காப்பு ஏற்பாட்டின் கூட்டு வான் தற்காப்புத் தலைமையகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அரச மலேசிய ஆகாயப் படை 1997இல் வாங்கிய எட்டு ஹார்னெட் விமானங்களுக்கும் அதுவே வீடு. மலாக்கா நீரிணையைக் கண்காணிக்க ஆஸ்திரேலியக் கடல் ரோந்து விமானங்களும் 1980களின் தொடக்கம் முதல் அங்கு வந்து போகின்றன.

தோட்டப்புற மக்களுக்கு இராணுவ விமானம் அதற்கும் முன்பே பழகிய ஒன்று. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் அருகிலுள்ள இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950களில் ஒலிபெருக்கி பொருத்திய விமானங்கள் காடுகளின் மேல் பறந்து, கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி அறிவிப்புச் செய்தன. துண்டுப் பிரசுரங்கள் வானத்திலிருந்து கொட்டின. அந்த வானொலி யாரும் ஒளிந்து கேட்க வேண்டாத வானொலி, ஊருக்கே கேட்டது.

அடிக்கடி வரும் சொற்கள்

விமான வானொலியில் ஆங்கிலமே பொது மொழி. எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்வார்கள். ஒன்பதை 'நைனர்' என்பார்கள். ஐந்தோடு குழம்பாமல் இருக்க இப்படி.

ரோஜர்: நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது.

வில்கோ: கேட்டது, அப்படியே செய்கிறேன்.

ஸ்குவாக்: ராடாரில் தெரிவதற்கான நான்கு இலக்க எண்ணைப் போடு.

ஏஞ்சல்ஸ்: இராணுவ வழக்கு, உயரம், ஆயிரம் அடிக் கணக்கில். 'ஏஞ்சல்ஸ் டென்' என்றால் 10,000 அடி.

போகி: யாரென்று தெரியாத விமானம். எதிரி என்று உறுதியானால் 'பேண்டிட்'.

பான் பான்: அவசரம், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை.

மேடே: உயிராபத்து. மூன்று முறை சொல்வார்கள்.

கேட்டதை வைத்து முடிவு கட்டக் கூடாது

பயிற்சியில் 'எதிரி வருகிறான்', 'ஏவுகணை விட்டேன்' என்றெல்லாம் பேசுவார்கள். பாதி உரையாடலை மட்டும் கேட்டு அதைப் புலனத்தில் பரப்பினால் ஊரே கலங்கிப்போகும். மேலும், முக்கியமான இராணுவப் பேச்சு இன்று வெளிப்படையாக நடப்பதில்லை. ஒரு விநாடிக்குள் பல அலைவரிசைகளுக்குத் தாவிப் பேசும் முறையும், பேச்சைப் பூட்டி அனுப்பும் முறையும் வந்துவிட்டன. ஸ்கேனரில் காதில் விழுவது பெரும்பாலும் தளத்தில் இறங்குவது, ஏறுவது போன்ற அன்றாடப் பேச்சுதான்.

வானொலி மௌனமாக இருப்பதால் வானத்தில் எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 விமானத்திலிருந்து கடைசிக் குரல் பின்னிரவு 1.19க்கு வந்தது. அதன் பிறகு அது திரும்பித் தீபகற்பத்தைக் கடந்து, பினாங்கை ஒட்டி மலாக்கா நீரிணைக்கு வந்து, 2.22 வரை இராணுவ ராடாரில் தெரிந்தது என்று அதிகாரப்பூர்வ விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த ஒரு மணி நேரமும் அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் எந்தத் தொடர்பையும் இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 'இடைமறித்தல்' என்றால் கம்பியில் கொக்கி போட்டு ஒட்டுக் கேட்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் விளக்கப்படி, ஒரு கருவியின் உதவியால் தொடர்பின் உள்ளடக்கத்தைக் காதால் கேட்டுப் பெறுவதும் இடைமறித்தலே. அப்படிப் பெற்றதைப் பிறருக்கு வெளியிடுவதும், பயன்படுத்துவதும் தனித்தனிக் குற்றங்கள். அபராதம், சிறை, இரண்டும் சேர்ந்து என்று தண்டனை உண்டு. 2025இல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் இச்சட்டத்தின் பல குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியிருக்கின்றன.

இதோடு 1972ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டமும், 1959ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டமும் இருக்கின்றன. தளத்தின் வேலியோரம் கேமராவும் அண்டெனாவும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருப்பவரை அதிகாரிகள் விசாரிப்பது இயல்பு.

இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். அமெரிக்காவில் விமானப் பேச்சைக் கேட்பதற்குத் தடை இல்லை. பிரிட்டனில் சட்டப்படி அது கூடாது என்றாலும், விமானக் கண்காட்சிகளில் ஸ்கேனர் வைத்துக் கேட்பது வெளிப்படையாகவே நடக்கிறது. அந்தப் பழக்கத்தோடு வெளிநாடு போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2001 நவம்பரில் கிரீஸின் கலாமாதா விமானத் தளத்தில் 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரர்களும் கைது செய்யப்பட்டார்கள். விமான எண்களைக் குறித்து வைக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் அவர்கள். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு உளவுக் குற்றத்திற்காக மூன்றாண்டும், ஆறு பேருக்கு உடந்தைக்காக ஓராண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அதற்குள் ஓராண்டு போய்விட்டது. 2010இல் டில்லி விமான நிலையத்தின் அருகே தங்கும் விடுதியில் ஸ்கேனருடன் இருந்த இரு பிரிட்டிஷாரும் கைதாகி, அபராதம் கட்டிய பின்பே ஊர் திரும்பினார்கள்.

வானொலி கேட்டதற்காகச் சித்திரவதைப்பட்ட பேராக் பெண்மணி

வானொலி கேட்பது உயிருக்கே உலையான காலம் ஒன்று நம் மாநிலத்தில் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது பெருங்குற்றம். ஈப்போ புரூஸ்டர் சாலையில், இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், மருந்தகம் நடத்திவந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவும் அவருடைய மனைவி சிபில் கார்த்திகேசுவும் போரின்போது பாப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். டாக்டர் தைப்பிங்கில் பிறந்தவர். அங்கே அவர்கள் சிற்றலை வானொலியை ஒளித்துவைத்து பிபிசி செய்திகளைக் கேட்டார்கள். அந்த வானொலிக்கு 'ஜோசஃபின்' என்று மறைபெயர். காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் போராளிகளுக்கு மருத்துவமும் பார்த்தார்கள்.

1943இல் சிபில் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்றவருக்கு வீரத்திற்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948இல் அங்கேயே காலமானார். பின்னர் அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

அன்று அந்தத் தடை ஊரை ஆக்கிரமித்தவன் போட்ட தடை. மக்களுக்கு உண்மை தெரியக்கூடாது என்பதற்காகப் போட்டது. இன்றைய தடை, நம் பிள்ளைகளும் வேலை செய்யும் படைகளின் பாதுகாப்புக்காக இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது. ஆனாலும், ஒரு வானொலிப் பெட்டி எவ்வளவு கனமான பொருள் என்பதைப் பாப்பானை நினைத்தால் புரியும்.

லுமுட் சொன்ன பாடம்

2024 ஏப்ரல் 23ஆம் தேதி காலை, கடற்படையின் 90ஆம் ஆண்டு விழா அணிவகுப்புக்கான ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் லுமுட் தளத்தின் மேல் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 10 பேரும் இறந்தார்கள். சில நிமிடங்களில் அந்தக் காணொளி நாடெங்கும் கைத்தொலைபேசிகளில் ஓடியது. குடும்பத்தாரின் மனநிலையையும் விசாரணையையும் கருதி அதைப் பரப்ப வேண்டாம் என்று கடற்படை கேட்டுக்கொண்டது.

அப்படி ஒரு நாளில் யாரோ ஒருவர் ஸ்கேனரில் பதிவு செய்த கடைசிக் குரல் என்று ஒன்று பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டிலிருக்கும் தாய்க்கு மகன் இறந்த செய்தி, மகனின் குரலிலேயே, முகம் தெரியாதவர் அனுப்பிய செய்தியாக வந்து சேரும். சட்டம் வெளியிடுவதைத் தனிக் குற்றமாக வைத்திருப்பதன் நியாயம் இங்கே விளங்கும்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு நேர்வழி

வானொலியில் நாட்டம் உள்ள பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. முறையான பக்கம் திருப்பிவிட்டால் போதும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதித் தேறினால், சொந்த அழைப்புக் குறியோடு வானொலியில் பேசவே செய்யலாம். தீபகற்பத்தில் தொடக்க நிலையினரின் குறி 9டபிள்யூ2, மேல்நிலையினரின் குறி 9எம்2 என்று தொடங்குவது வழக்கம். மார்ட்ஸ் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கம் 1950களிலிருந்து நாட்டில் இயங்கிவருகிறது. வெள்ளக் காலத்தில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் விழுந்தாலும் இவர்களின் தொடர்பு நிற்காது. அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர்கள் அமெச்சூர் அலைவரிசையான 145.800 மெகாஹெர்ட்ஸில் பள்ளி மாணவர்களோடு பேசுவதுண்டு. ஆனால் இந்த அனுமதி இராணுவப் பேச்சைக் கேட்பதற்கான அனுமதி அல்ல.

இராணுவ விமானங்களை நெருங்கிப் பார்க்க ஆசை என்றால், 1991இல் தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை லங்காவியில் நடக்கும் லீமா கண்காட்சி இருக்கிறது. அங்கே விமான ஓட்டிகளையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கருவி வாங்கும் முன் ஆணையத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். கேட்டதையோ பதிவையோ யாருக்கும் அனுப்பாதீர்கள். தளத்தின் அருகே அண்டெனாவோடு நிற்காதீர்கள். கடலில் யாரேனும் ஆபத்தில் இருப்பது எந்த வழியில் தெரிய வந்தாலும், முதலில் 999 எண்ணுக்கு அழையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலியைச் செயற்கைக்கோள்கள் கண்காணிப்பது 2009 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இன்று அந்தப் பணிக்கு 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் உள்ளன. படகு வைத்திருப்பவர்கள் ஸ்கேனருக்குச் செலவழிக்கும் பணத்தை அத்தகைய கருவிக்கோ, உயிர்காப்பு அங்கிக்கோ செலவழித்தால் ஒரு குடும்பமே காப்பாற்றப்படலாம்.